டெக்சாஸ் கடைகளுக்குள் கைத்துப்பாக்கிக்குத் தடை: கடை உரிமையாளரும் வருகையாளரும் செய்ய வேண்டியவை

டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆயினும் உங்கள் கடைக்குள் அது வரலாமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடமே இருக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்தால், அதைச் சட்டம் கேட்கும் வடிவத்தில் எழுதி வையுங்கள். துப்பாக்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரைப் பலர் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். உரிமம் வைத்திருப்பவரை அந்த ஸ்டிக்கர் கட்டுப்படுத்தாது.

மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.05ஆம் பிரிவு உரிமம் இல்லாதவர்களுக்கும், 30.06 உரிமத்தோடு மறைத்து எடுத்து வருபவர்களுக்கும், 30.07 உரிமத்தோடு வெளியே தெரியும்படி எடுத்து வருபவர்களுக்கும் உரியவை என்பதால், எல்லோரையும் தடுக்க விரும்பினால் மூன்று அறிவிப்புகளும் தேவை. சட்டத்தில் உள்ள வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறத்தில், ஓர் அங்குலத்துக்குக் குறையாத உயரமுள்ள அச்செழுத்துகளில் இருக்க வேண்டும். இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகு, அதே கண்ணாடிக் கதவில் தீபாவளித் தள்ளுபடிச் சுவரொட்டியை மேலே ஒட்டிப் பாதி எழுத்துகளை மறைத்துவிட்டால், பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்ற விதி அங்கேயே மீறப்படுகிறது. 30.05, 30.07 அறிவிப்புகள் ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கதவை மறந்துவிடாதீர்கள்.

இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. 2011 முதல், ஊழியர் தம் காரில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பொதுவாக முதலாளி தடுக்க முடியாது. விடுதி நடத்தும் நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, விருந்தினர் தம் அறையில் துப்பாக்கி வைத்துக்கொள்வதையும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்பதே.

அறிவிப்பையும் மீறி ஒருவர் உள்ளே வந்தால், நேரில் அமைதியாகச் சொல்லி வெளியேறக் கேளுங்கள். அறிவிப்பை மீறியதற்கு 200 டாலர் வரை அபராதம். வாயால் சொன்ன பிறகும் போகாமல் நின்றால் ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அவர் மறுத்தால் ஆயுதத்தைப் பிடுங்க முயலாமல் விலகி நின்று 911ஐ அழையுங்கள்.

வருகையாளராகச் செல்பவர் அறிவிப்பைக் கண்டால் திரும்பிப் போகலாம், அல்லது துப்பாக்கியைக் காரில் வெளியே தெரியாதபடி பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வரலாம். இந்த இரண்டாவது வழி எல்லோருக்கும் மன அமைதி தருவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. 1991இல் கில்லீன் நகர உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அன்றைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்திருந்த சுசன்னா ஹப் தாயையும் தந்தையையும் அங்கே இழந்தார். பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். ஆகவே தடை விதிக்கும் உரிமையாளர் வாகன நிறுத்துமிடத்தில் நல்ல வெளிச்சம் வைப்பதும், பின்வாசலைப் பெட்டிகளால் அடைக்காமல் வைப்பதும் அந்தத் தடையோடு சேர்ந்த கடமைகள் என்றே நான் கருதுகிறேன்.

அறிவிப்பை மீறி எடுத்துச் செல்வது தற்காப்பு வாதத்தையே பலவீனமாக்கக்கூடும். பின்வாங்காமல் நின்று எதிர்கொள்ளலாம் என்ற 2007ஆம் ஆண்டு விதி, அந்த இடத்தில் இருக்க உரிமை உள்ளவருக்கும், தாமே சண்டையைத் தூண்டாதவருக்கும், குற்றச் செயலில் ஈடுபடாதவருக்கும் மட்டுமே பொருந்தும். ஆயுதம் இல்லாதபோதும் தற்காத்துக்கொள்ளும் உரிமை போய்விடுவதில்லை. 30.06, 30.07 அறிவிப்புகள் கைத்துப்பாக்கியைப் பற்றியவை. கடைகளில் விற்கும் சிறிய பெப்பர் ஸ்ப்ரே அவற்றில் அடங்காது. ஆனால் உரிமையாளர் அதையும் வேண்டாம் என்று சொன்னால், வெளியேறிவிடுங்கள்.