பட்டறைக்குச் சில்லர் வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

சில்லர், அதாவது மெஷினின் சூட்டை எடுக்கத் தண்ணீரைக் குளிரவைத்துச் சுற்றவிடும் கருவி, வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை டன் வேணும்?" என்றுதான். டன் என்பது இங்கே எடை இல்லை, குளிர்விக்கும் திறனின் அளவு. பக்கத்து ஷெட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு அதையே சொல்லாதீர்கள், கணக்குப் போடுங்கள். மெஷின் வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், இரண்டையும் பெருக்கி 0.07-ஆல் பெருக்கினால் கிலோவாட் வந்துவிடும். 20 லிட்டர், 5 டிகிரி என்றால் 7 கிலோவாட். ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட், ஆக 2 டன்.

சரி, 2 டன் வாங்கிவிடலாமா? கூடாது. ஏர்கூல்டு, அதாவது சூட்டை ஃபேன் வைத்துக் காற்றில் விடும் சில்லரில் எழுதியிருக்கும் டன் பெரும்பாலும் 35 டிகிரி வெளிக்காற்றை வைத்துச் சொல்வது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே 45 டிகிரி தாண்டும்போது அதே சில்லர் கணிசமாகக் குறைத்துத்தான் தரும், மதியம் ரெண்டு மணிக்கு ஹை பிரஷர் ட்ரிப் ஆகி நிற்கும். அதனால் "45 டிகிரியில, எனக்கு வேண்டிய தண்ணீர் டெம்பரேச்சர்ல எவ்வளவு தரும்?" என்று கேட்டு, பதிலை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மூலையில் திணித்து வைத்தால் தான் விட்ட சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும், அப்புறம் எந்த டன்னும் போதாது.

இனி தண்ணீர். என்னைக் கேட்டால் சில்லரைக் கெடுப்பதில் பாதிப் பங்கு போர்வெல்லுக்குத்தான். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீரின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பிளேட்டில் வெள்ளையாகப் படிந்து சூடு கடத்துவதையே தடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரோ டிஐ (உப்பு அயனிகளை நீக்கிய) வாட்டரோ, மெஷின் மேனுவலில் சொன்னதை ஊற்றுங்கள். அதிசுத்தமான டிஐ செம்புக் குழாயை அரிக்கும் என்பதால் லூப்பில் (தண்ணீர் சுற்றிவரும் பாதையில்) என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்காமல் அதற்குத் தாவ வேண்டாம். படிவை எடுக்க பாத்ரூம் கழுவும் ஆசிட்டை விடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட்டில் ஊசித்துளை போட்டுவிடும். சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும், முடித்ததும் நன்றாக அலச வேண்டும்.

தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் விஷயத்தில் நம்மூரில் வீண் செலவுதான் அதிகம். 20, 25 டிகிரியில் தண்ணீர் ஓட்டுபவருக்கு உறைதல் பயமே இல்லை. கிளைக்கால் சேர்த்தால் சூட்டை வாங்கும் திறன் குறையும், பம்புக்குச் சுமை கூடும், அவ்வளவுதான். துருவும் பாசியும்தான் கவலை என்றால் அதற்கென்று வரும் இன்ஹிபிட்டரும் பயோசைடும் போடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே செட் செய்கிறவர்களுக்கு மட்டும் 30 சதவீதம் அளவில் தேவைப்படும். அப்போதும் கார் கூலன்ட்டை ஊற்றாதீர்கள், அதில் பலவற்றில் இருக்கும் சிலிக்கேட் பம்ப் சீலைத் தின்னும். உணவு, பால் தொழில் என்றால் எத்திலீன் கிளைக்கால் விஷம், புரோப்பிலீன் கிளைக்கால் மட்டுமே.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் லேசர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: வேர்வை. புழுக்கமான நாளில் 20 டிகிரி தண்ணீர் ஓடினால் குளிர்ந்த சொம்பு போல லேசர் ஹெட் வேர்க்கும், லென்ஸ் போச்சு. மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள் செட்டிங்கை உயர்த்துங்கள். லேசர் கேபினெட்டின் ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு சில்லரைப் போடுங்கள்.

வாரம் ஒருமுறை கண்டென்சர் (சூட்டை வெளிக்காற்றில் விடும், மெல்லிய ஃபின் தகடுகள் உள்ள பாகம்) தூசியை, காற்று போகும் திசைக்கு எதிராக ஊதி எடுங்கள். பிரஷரைக் கூட்டி ஊதினால் ஃபின் மடங்கிவிடும். தண்ணீர்க் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரையும் அப்போதே கழட்டிப் பாருங்கள். வெளிச்சம் படும் டிரான்ஸ்பேரன்ட் ஹோஸ் இருந்தால் கருப்பாக மாற்றிவிடுங்கள், பாசி பாதி குறையும். மூடிய லூப்பில் லெவல் குறைந்துகொண்டே போனால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் ஒழுகலைத் தேடுங்கள்.

கடைசியாக, ஈபி லைனில் வேலை நடந்து கரண்ட் திரும்பினால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம். த்ரீ ஃபேஸ் சில்லரில் பம்ப் திருப்பிச் சுற்றும், ஸ்க்ரோல் கம்ப்ரஸர் அடிவாங்கும். வரிசை மாறினால் ஓடவிடாமல் தடுக்கும் ஃபேஸ் பிரிவென்டர் இல்லாத சில்லரை விலை குறைவு என்று எடுக்காதீர்கள், ஏற்கெனவே வாங்கியிருந்தால் உடனே ஒன்று மாட்டிவிடுங்கள்.