காப்பகத்துப் பூனை வருகிறதா? முதலில் ஒரு கதவைச் சாத்துங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் காப்பகத்திலிருந்து இஞ்சியைத் தத்தெடுத்து வந்த அன்று, கூடையை ஹாலிலேயே திறந்து விட்டேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த மிளகு ஓடி வந்து மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தது. அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஐந்தாம் நாள் மிளகு தும்ம ஆரம்பித்தது. ஏழாம் நாள் காலையில் அதன் இடது கண் பீளை காய்ந்து ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. காப்பகத்தைக் குறை சொல்ல மாட்டேன். பல பூனைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சளி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவசரப்பட்டது நான். அதற்கப்புறம் வந்த சுண்டலுக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பூனைக்கு முன்னால் அறை

புதிய பூனையை 14 நாள் தனியாக வைக்க, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். தனி அறை இல்லையென்றால் குளியலறை போதும், தரை மட்டும் காய்ந்திருக்கட்டும். மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மணல் தட்டு, சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனியாக. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். உங்கள் பழைய பூனை முதலில் மூக்கை நுழைப்பது அங்கேதான்.

வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால், புதியது வருவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு முடியுங்கள். வீட்டில் கடந்த ஒரு வருஷத்துக்குள் வாந்தியும் பேதியுமாகக் குட்டி ஏதாவது செத்திருந்தால், ஊசி போடாத குட்டியைக் கொண்டு வரவே வேண்டாம். அது பேன்லூகோபீனியாவாக இருந்திருக்கலாம். நாய்களுக்கு வரும் பார்வோவின் பங்காளி இது. இந்த வைரஸ் தரையிலும் கூடையிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும்.

2. பினாயிலை ஒளித்து வையுங்கள்

நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில், இல்லையென்றால் டெட்டால். இரண்டுமே பூனைக்கு விஷம். தரையில் ஊற்றியது பாதத்தில் ஒட்டும், பூனை பாதத்தை நக்கும், அது வயிற்றுக்குள் போகும். வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்து, வாளியோடு கதவருகே வந்தவரை ஓடிப்போய்த் தடுத்தேன்.

பதிலுக்கு வீட்டு உபயோகத் திரவ பிளீச். முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. அப்புறம் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து, 10 நிமிஷம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அதுவரை பூனை வேறிடத்தில் இருக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

3. காப்பகத்தில்

தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் அங்கே பூனை ஏதாவது வாந்தி, பேதியில் இறந்ததா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு தூக்கிப் பாருங்கள்: கண், மூக்கு, வாலுக்கு அடியில், காதுக்குள். காதில் காபித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் அது காதுப் பூச்சி. பயப்பட ஒன்றுமில்லை, மருந்தில் போய்விடும். ஆனால் மற்றப் பூனைக்கும் தாவும்.

4. மருத்துவரிடம்

இரண்டு மூன்று நாளுக்குள் போய்விடுங்கள். பூனை லுகேமியா, பூனை எய்ட்ஸ் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் ரத்தச் சொட்டில் பார்க்கும் கிட் உண்டு, பத்து நிமிஷத்தில் தெரியும். எல்லா கிளினிக்கிலும் இருக்காது, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சமீபத்தில் தொற்றிய லுகேமியா முதல் பரிசோதனையில் தப்பலாம் என்பதால் ஒன்று இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இரண்டுமே மனிதருக்கு வராது.

5. கிருமி உங்கள் சட்டையில் வரும்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பூனைகளைப் பிரித்துவிட்டு, இரண்டையும் அதே கையால் தடவுகிறோம்.

எப்போதும் பழைய பூனைக்கு முதலில் சாப்பாடு, புதியதற்கு அப்புறம். அறைக் கதவில் ஒரு பழைய சட்டையை மாட்டி வைத்து, உள்ளே போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பும் தனி. வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசரை நம்பாதீர்கள், பேன்லூகோபீனியா, பூனைச் சளி தரும் கலிசி போன்ற வைரஸ்கள் அதற்குச் சரியாக மசிவதில்லை.

6. 14 நாள் என்ன பார்ப்பது

தும்மல், பீளை, நாக்கில் புண் என்றால் பூனைச் சளி. மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. மீனை லேசாகச் சூடாக்கி வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். வாந்தி, பேதி, சுருண்டு படுப்பது இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே கொல்லும்.

வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை. இது நமக்கும் தொற்றும், வெளியே தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். பூனை மலத்தில் வரும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

7. கதவைத் திறப்பது

நடுவில் ஏதாவது அறிகுறி தெரிந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும். சுண்டல் ஒன்பதாம் நாள் தும்மியதால் எங்களுக்கு 23 நாள் ஆனது. திறந்த அன்று மிளகு உள்ளே போய், ஒரு சீறு சீறிவிட்டு, சுண்டலின் அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.