வகுப்பு நூலகத்துக்கு இஸ்லாம் பற்றிய படப் புத்தகம் வாங்குகிறீர்களா?

இந்தத் தலைப்பில் தேடினால் முதலில் கண்ணில் படுவது நோன்புக் கதையும் பெருநாள் கதையும்தான். அவை வேண்டாம் என்று இல்லை, ஆனால் அலமாரி முழுக்க அதுவாகவே இருந்தால், முஸ்லிம் பிள்ளை என்றாலே புது உடுப்புப் போட்டுக்கொண்டு பெருநாள் கொண்டாடுகிறவர் என்றுதான் மற்றவர்கள் மனதில் பதியும். பண்டிகைக் கதை ஒன்று எடுத்தால், முஸ்லிம் வீட்டில் நடக்கிற சாதாரணக் கதை இரண்டு எடுங்கள். பல் விழுகிறது, பூனை தொலைகிறது, தம்பியோடு சண்டை. பின்னால் பாட்டி தொழுதுகொண்டிருக்கிறார், அதை யாரும் நிறுத்தி விளக்குவதில்லை. எனக்குப் பிடித்த வகை அதுதான்.

புத்தகம் கைக்கு வந்ததும் எழுத்தை விடுங்கள், படத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் தன் பிள்ளைகளோடு மட்டும் இருக்கும் அம்மா, படுக்கையில்கூட ஹிஜாபோடு தூங்குகிறாரா? நெருங்கிய குடும்பத்தார் முன் அது தேவையே இல்லை. வரைந்தவருக்கு அந்த வீடு தெரியாது என்று அர்த்தம். அடுத்து பிறை. ரமலான் தொடங்கும் பிறை, சூரியன் மறைந்ததும் மேற்கில் தாழ்வாகக் கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டுப் போய்விடும். அதை நள்ளிரவில் உச்சி வானத்தில் தொங்கவிட்டிருந்தால் மற்ற தகவல்களையும் ஒருமுறை சரிபாருங்கள். அரபி எழுத்து வலமிருந்து இடமாக, பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். சில எழுத்துகள் அடுத்ததோடு சேராது, அது இயல்பு. ஆனால் எல்லா எழுத்தும் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தால் அச்சில் குளறுபடி, அரபி தெரிந்த யாரும் பார்க்காமலே வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒட்டகம், பாலைவனம், தங்கக் குவிமாடம் என்று மட்டும் இருக்கும் புத்தகத்திலும் கவனம். உலக முஸ்லிம்களில் அரபிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மாலியின் ஜென்னேயில் இருப்பது மண் பள்ளிவாசல், சீனாவின் சியானில் இருப்பதற்குச் சீனக் கட்டடக்கலைக் கூரை, இந்தோனேசியாவின் தெமாக்கில் அடுக்குக் கூரை. இவற்றில் ஒன்றாவது உங்கள் அலமாரியில் எங்காவது தலைகாட்டட்டும்.

தகவலில் அடிக்கடி சறுக்குவது நோன்பு விஷயத்தில். அது வைகறையில் தொடங்கிச் சூரியன் மறைவதோடு முடியும். பருவமடையாத பிள்ளைகளுக்குக் கடமை இல்லை, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. ஆறு வயதுப் பிள்ளை நோன்பை முடிக்க முடியாமல் குற்ற உணர்வில் அழுகிற கதையை நான் வாங்க மாட்டேன்.

"நாம் இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று பேசுகிற புத்தகம் வீட்டுக்கும் மதரஸாவுக்கும் சரி. பல மதப் பிள்ளைகள் உட்காரும் பொது வகுப்புக்கு "முஸ்லிம்கள் இப்படி நம்புகிறார்கள்" என்கிற தொனி வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கதையே போதும்.

முஹம்மது நபியை வரைவதைப் பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்பதில்லை, எனவே அவர் முகம் உள்ள புத்தகம் வேண்டாம். மூஸா (பைபிளில் மோசே), ஈஸா (இயேசு) போன்ற மற்ற நபிமார்களை வரைவதும் பல குடும்பங்களுக்குப் பிடிக்காது. அதற்காக ஏற்கெனவே இருக்கிற பைபிள் கதைப் புத்தகங்களைத் தூக்கி எறியத் தேவையில்லை, அவற்றை இஸ்லாம் பகுதியில் வைக்காமல் இருந்தால் போதும். சில புத்தகங்களில் மனிதர்களுக்குக் கண், மூக்கே இருக்காது. உயிருள்ளவற்றை வரையக்கூடாது என்று கருதுகிறவர்களுக்காக அப்படிச் செய்வது, அச்சுப் பிழை இல்லை.

குர்ஆன் வசனம் அரபியில் இருக்கிற புத்தகத்தைத் தரையில் இருக்கும் கூடையில் போடாதீர்கள், மேல் தட்டில் வையுங்கள்.

அப்புறம், ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், சில வருடம் விடுமுறையிலேயே முடிந்துவிடும். இந்தப் புத்தகங்களை அந்த மாதத்தில் மட்டும் வெளியே எடுத்து வைக்கிற பழக்கம் வேண்டாம். வாசித்து முடித்ததும் வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து "உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அவராகச் சொல்ல வந்தால் சொல்லட்டும்.