குற்ற வழக்கை ஃபிராய்டின் வழியில் படிப்பது எப்படி

என் மாணவர்கள் வழக்குக் குறிப்பைக் கையில் வாங்கியதும் "இட் ஜெயித்தது, சூப்பர் ஈகோ தோற்றது" என்று எழுதிவிடுகிறார்கள். மனப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டின் சொற்களில் இட் என்பது உள்ளேயிருந்து உந்தும் ஆசை வேகம்; சூப்பர் ஈகோ என்பது அதைக் கண்டிக்கும் மனசாட்சி. அப்படி எழுதினால் மட்டும் போதாது. முதலில் அந்த ஆளின் ஐந்து வயதுக்கு முந்தைய வாழ்க்கையைத் தேடுங்கள். யார் வளர்த்தார்கள், யாரைப் பிரிந்தான்? லண்டனில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1944-ல் வெளியிட்ட ஆய்வில், திருடிய 44 சிறுவர் சிறுமியரில் 14 பேர் யாரிடமும் பாசம் ஒட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதிலேயே தாயையோ வளர்த்தவரையோ நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். ஆனால் பிரிவுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பிள்ளைகளை மதிப்பிட்டவரும் பௌல்பியேதான்; எதிர்பார்த்ததையே அவர் கண்டிருக்கலாம்.

அப்புறம், குற்ற உணர்வு குற்றத்துக்கு முன்பே இருந்ததா என்று பாருங்கள். உள்ளே உறுத்திக்கொண்டிருக்கும் பழைய உணர்வுக்குத் தண்டனை தேடியே சிலர் தப்பு செய்கிறார்கள் என்று ஃபிராய்டு 1916-ல் எழுதினார். செய்து முடித்ததும் மனம் லேசானதா? வாக்குமூலத்தில் அந்த வரியைத் தேடுங்கள்.

வன்முறை என்றால் ஆகஸ்ட் ஐக்ஹார்னைப் படியுங்கள். ஃபிராய்டு வழிக் கல்வியாளரான அவர் ஆஸ்திரியாவில் வழிதவறிய சிறுவர்களுக்காக நடத்திய இல்லத்தில், மிக முரட்டுப் பையன்கள் மேசையை, ஜன்னலை உடைத்தபோதும் தடுக்க வேண்டாம் என்றார். வெறி உச்சத்துக்குப் போய், கடைசியில் அழுகையாக மாறியது. உங்கள் குறிப்பில் கோபத்துக்கு அடியில் அப்படி ஓர் அழுகை தென்படவில்லை என்றால், இந்தக் கோட்பாட்டை அங்கே வலிந்து பொருத்தாதீர்கள்.