இழுத்து வைத்த பட்டன் போனில் இடம் மாறியது

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் மாமாவுக்கு ஒரு வெப்சைட் செய்தேன். காய் படத்தின் கீழ் மூலையில் 'விலை கேட்க' பட்டனை, வெப்சைட் கட்டும் எடிட்டரில் இழுத்து வைத்தேன். கம்ப்யூட்டரில் கச்சிதம். குமுளி, புற்றடி ஆட்கள் பார்ப்பதோ போனில். அங்கே பட்டன் பாதி திரைக்கு வெளியே, மீதி கடை முகவரியின் மேல்.

"மாப்ளே, இதைத் தேடுறதுக்குள்ள ஆள் அடுத்த கடைக்குப் போயிருவான்" என்றார் மாமா.

பட்டனின் செட்டிங்ஸ் பேனலைப் பார்த்தால் பொசிஷன் (இடம் குறிக்கும் முறை) அப்சொல்யூட், டாப் 540 பிக்சல், லெஃப்ட் 310; அதாவது மேலிருந்து 540, இடப்பக்கத்திலிருந்து 310. இழுத்துவிட்ட இடத்தை எடிட்டர் அப்படியே எண்ணாக்கியிருக்கிறது. அப்சொல்யூட் கொடுத்தால், பட்டனைச் சுற்றியுள்ள பெட்டிகளில் பொசிஷன் கொடுத்த, மிகக் கிட்டத்தில் உள்ள பெட்டி எது என்று பிரவுசர் தேடி அதிலிருந்து அளக்கும். எதுவும் இல்லையென்றால் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து. திரை 360 பிக்சலுக்குச் சுருங்கினாலும் அந்த 310 அசையாது.

லேயர் பட்டியலில் பட்டனைப் படத்தின் பெட்டிக்குள் நகர்த்தி, அந்தப் பெட்டிக்குப் பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்தேன்; இனி அளப்பது அந்தப் பெட்டியிலிருந்து. டாப், லெஃப்ட் இரண்டிலும் எண்ணை எடுத்து ஆட்டோ ஆக்கி, பாட்டம் 16, ரைட் 16. அவ்வளவுதான், மூலையை விட்டு நகரவில்லை.

மொபைல் வியூவில் தனியாக இழுத்து வைக்கலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. போனைப் படுக்கவைத்தால் மறுபடி அதே கதை.