ஏற்காட்டுக் குளிரை நம்பிப் புறப்படாதீர்கள்

சென்ற மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்துக் குடும்பம். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் ஒரு குழந்தைகள் மையத்தில் ஓராண்டு தொண்டு செய்ய இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. நானும் என் கணவரும் அதே ஊரில் ஒரு மையத்தில் ஓராண்டு தொண்டு செய்துவிட்டு வந்தவர்கள் என்று யாரோ சொல்லி, விசாரித்துப் போக வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "குளிரு எங்களுக்குப் புதுசில்லீங்கக்கா. மலையில பொறந்து வளந்தவங்கதானே."

நாங்களும் இதே நம்பிக்கையில்தான் போனோம். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். உலான்பாத்தர் சுமார் 1,350 மீட்டர். உயரக் கணக்கில் நம் ஊர்தான் மேலே இருக்கிறது. ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குள் இருக்கிறது. அந்த நகரம் 48 பாகையில், கடல்காற்றே எட்டாத ஆசியக் கண்டத்தின் நடுவில் கிடக்கிறது. உலகத் தலைநகரங்களிலேயே ஆண்டுச் சராசரி வெப்பநிலை மிகக் குறைந்தது அதுதான். ஏற்காட்டில் மார்கழி இரவு பத்து டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலே நாம் மங்கி குல்லாவைத் தேடுவோம். அங்கே அதே மாதத்தில் இரவு மைனஸ் 30. இடையில் இருப்பது நாற்பது டிகிரி. சேலத்துச் சித்திரை வெயிலுக்கும் தண்ணீர் உறையும் நிலைக்கும் உள்ள தூரம் அது. மலையில் வளர்ந்ததால் நமக்குக் கிடைத்த ஒரே அனுகூலம், உயரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது, குக்கர் வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததுதான்.

உடம்பை ஒட்டிய துணி

சேலம் ஐந்து ரோட்டில் வாங்கிக்கொண்டு போன இரண்டு ஜெர்கின்களும் அக்டோபர் மாதத்தோடு சரி. வெளியே தெரியும் கோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை நாம் உள்ளே போடும் துணிக்குக் கொடுப்பதில்லை. நமக்குப் பருத்தி என்றால் உசத்தி. பிறந்த குழந்தைக்கும் அதைத்தான் உடுத்துவோம். அங்கே பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், வியர்வையை அது குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடத்தில் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியஸ்டர் தெர்மலோ இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத கோட்டு. தெர்மலை இங்கேயே வாங்குங்கள். கோட்டையும் பூட்ஸையும் அங்கே போய், நரந்தூல் சந்தையில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாங்குங்கள். ஒட்டக ரோமக் காலுறையும் அங்கேயே கிடைக்கும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஒன்று போட்டதைவிட அதிகமாகக் கால் குளிரும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மெட்டி. நம் சேலத்து வெள்ளி மெட்டியை இருபத்தாறு ஆண்டுகளாக நான் கழற்றியதில்லை. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். தடித்த காலுறைக்குள் அது விரலை அழுத்திக்கொண்டும் இருக்கும். டிசம்பரில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், மெட்டி போட்ட விரல் மெழுகு போல வெளுத்திருந்தது, தொட்டால் உணர்வில்லை. பதறிப்போய் இவர் தேய்க்க வந்தார். நல்லவேளையாக எங்கள் மையத்து நர்ஸ் பக்கத்து வீட்டில் இருந்தார். தேய்க்கக் கூடாது, ஹீட்டர் முன்னால் நீட்டக் கூடாது என்று தடுத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் வைத்துக் காலை அதில் வைக்கச் சொன்னார். சரியான சூடு 37 முதல் 39 டிகிரி. மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் தண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றிரவு மெட்டியைக் கழற்றினேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் இவரே ஒரு கருப்புக் கயிறு வாங்கி வந்து இரண்டையும் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டார். இந்த முடிவைச் சேலத்திலேயே, மாமியாரிடமும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனால், அங்கே விரலையும் மனதையும் சேர்த்து வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வெளியே போவதும் கூடாது. முடி கம்பியாக விறைத்துவிடும். தலைக்குளியலை இரவுக்கு மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள், வீட்டுக்குள் உருகும். வறண்ட காற்றில் வெடிக்கும் தோலுக்கு அதைவிட இதமானது எனக்குக் கிடைக்கவில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடக்கவே கூடாது. உடம்பை ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் உதவாது. கைப்பேசிக்கும் அதே உள்பைதான்; மைனஸ் இருபதில் பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

வாசனையில்லாத ஆபத்து

நகரத்து அடுக்குமாடிகளில் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை மின் நிலையங்களிலிருந்து வெந்நீர் குழாய்வழி வந்து வீட்டைச் சூடாக்கும். உள்ளே சட்டையோடு இருக்கலாம். ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் இட்லி மாவும் பொங்கும். ஆனால் தொண்டு செய்யப் போகிறவர்களின் வேலை பெரும்பாலும் நகரைச் சுற்றியுள்ள கெர் குடியிருப்புகளில் இருக்கும். கெர் என்பது கம்பளித் தடுக்குப் போர்த்திய வட்டக் கூடாரம். நடுவில் கரி அடுப்பு. சுத்திகரிக்காத நிலக்கரியை எரிக்க 2019 மே முதல் தலைநகரில் தடை. இப்போது அழுத்திச் செய்த கரிக்கட்டிகள். கரிப்புகை சூழ்வதால் குளிர்காலம் முழுக்க என்95 முகக்கவசம் வேண்டும், அது பலருக்கும் தெரியும்.

தெரியாதது கார்பன் மோனாக்சைடு. ஒரு சனிக்கிழமை மாணவர் ஒருவர் வீட்டுக் கெர்ரில் தங்கினோம். இரவில் இருவருக்கும் தலைவலி, குமட்டல். பயணக் களைப்பு என்று நினைத்துப் போர்வையை இன்னும் இழுத்து மூடினோம். அந்த வீட்டுப் பாட்டி எழுந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இருவரையும் வெளியே இழுத்துப் போய் நிறுத்தினார். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கணப்பு எரியும் இடத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் அதைச் சளி என்று நினைக்காதீர்கள். முதலில் வெளியே வாருங்கள். இதைக் கண்டுபிடித்து ஒலியெழுப்பும் சிறு கருவி உண்டு. சேலத்திலிருந்து ஊறுகாய் ஒரு கிலோ குறைவாக எடுத்துப் போனாலும் பரவாயில்லை, அது பெட்டியில் இருக்க வேண்டும்.

இனிஷியலும் திருமணச் சான்றிதழும்

தம்பதியாகப் போகிறவர்களை நம் ஊரில் மடக்குவது பெயர்தான். என் கணவர் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் கடைசியில். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர். வெளிநாட்டு அதிகாரி கண்ணுக்கு இருவரும் உறவே இல்லாதவர்கள். கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் வந்தது. அதற்கு முன் கட்டியவர்களில் பலரிடம் சான்றிதழே இல்லை. எங்களிடமும் இல்லை. பதிவு, பிறகு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை என்று நாள் ஓடும். டிக்கெட் போட்டுவிட்டு இதைத் தொடங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, "சம்பளம் வாங்கலையே, டூரிஸ்ட் விசா போதும்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்புவது. சாப்பாடும் தங்குமிடமும் வாங்கிக்கொண்டு உழைப்பதைப் பல நாடுகள் வேலை என்றே கருதும். எந்த வகை விசா என்பதை அழைக்கும் அமைப்பிடமும் தூதரகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். விமானக் கட்டணம், காப்பீடு, கைச்செலவு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். காவல்துறை நற்சான்றிதழைக் கேட்காமல், இரண்டு வாரத்துக்கு வந்து குழந்தைகளோடு விளையாடிவிட்டுப் போகலாம் என்று அழைக்கும் விடுதிகளுக்குப் போகவே போகாதீர்கள். ஒட்டிக்கொண்ட குழந்தையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விட்டுப் பிரிந்தால் அதன் மனதுக்கு என்னாகும் என்று யோசித்தால் போதும்.

ஒரே அறையில் இரண்டு பேர்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். குளிரை உடையால் சமாளித்துவிடலாம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் எட்டரை மணி நேரம்கூட இருக்காது. ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரே அறை, ஒரே மேசை, ஒரே முகம். சேலத்தில் அவர் பள்ளிக்கூடம், நான் தையல் வகுப்பு, மாலையில் அக்கம்பக்கம் என்று எங்கள் நாள் பத்துப் பேருக்குப் பகிர்ந்திருந்தது. இங்கே வாழ்ந்தபோது எங்களுக்குள் எவ்வளவு இடைவெளி இருந்தது, அது எவ்வளவு நல்லதாக இருந்தது என்பது அங்கே போய்த்தான் புரிந்தது.

மையம் என் கணவரைக் கணக்கு ஆசிரியராக அழைத்தது. நான் "கூட வருகிறவர்". முதல் இரண்டு மாதம் எனக்கென்று ஒரு வேலையும் எழுதப்படவில்லை. காலையில் அவர் போவார்; மாலையில் வந்து, நடந்ததைச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் வந்தது. அவருடைய வெங்காயம் நறுக்கும் முறை முதல் மூக்குறிஞ்சுவது வரை சண்டை. குளிரால் வரும் எரிச்சல் என்று இருவரும் நினைத்தோம். நவம்பரில் அந்த மையத்துத் தாய்மார்களுக்கு நான் தையல் சொல்லித்தரத் தொடங்கிய வாரமே சண்டை பாதியாகக் குறைந்தது. அன்று மாலை அவரிடம் சொல்ல என்னிடமும் கதை இருந்தது.

ஆகவே இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி வேலை, முடிந்தால் தனித்தனி இடம் கேளுங்கள். ஒருவர் மட்டும் தொண்டர், மற்றவர் துணை என்று போகாதீர்கள். இருவரும் மொழி படியுங்கள். ஒருவர் படித்து மற்றவருக்குச் சொன்னால், படிக்காதவர் கடைக்குப் போகக்கூட மற்றவர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். மங்கோலியர்கள் எழுதும் சிரில்லிக் எழுத்து 35-தான். 247 படித்த நமக்கு அது இரண்டு வார வேலை. சமையலும் முறை வைத்து இருக்கட்டும். இவர் ரசம் வைக்கக் கற்றது உலான்பாத்தரில்தான். தினமும் ஒரு தடவை, எவ்வளவு குளிராக இருந்தாலும், வெயில் இருக்கும்போது ஆளுக்கொரு திசையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வானம் பெரும்பாலும் தெளிந்த நீலம். அந்த வெளிச்சம் உங்களுக்கு வேண்டும்.

மாலை ஆனதும் ஊருக்கு வீடியோ கால் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவதையும் குறையுங்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே பேச ஆள் ஓயும் நேரத்தில் அங்கே நள்ளிரவாகிவிடும். மறுநாள் வேலை கெடும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமும் வராமலே போகும்.

அந்தக் கதவு தட்டினால் திறக்கும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போக வேண்டும், கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் ஒருவர் கால்மேல் நம் கால் பட்டால் நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவர்கள் உடனே கை குலுக்குவார்கள். உப்புப் போட்ட பால் டீ தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு வாயாவது குடியுங்கள். ஆட்டிறைச்சி இல்லாத சாப்பாடு அரிது என்பதால், சைவம் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுப்பு அவர்களுக்குப் புனிதம். அதில் குப்பை போடவோ அதை நோக்கிக் கால் நீட்டவோ கூடாது. அவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நம் வீட்டுக் கஷ்டத்தை ஒருவர் அப்படிப் போட்டால் நாம் பொறுப்போமா?

எப்போது போவது

அந்தத் தம்பதி ஜனவரியில் புறப்படுவதாக இருந்தார்கள், டிக்கெட் மலிவு என்று. வேண்டாம் என்றேன். செப்டம்பர் முதல் தேதி அங்கே பள்ளி திறக்கும். அப்போதே போனால் குளிர் படிப்படியாக இறங்கும். உடம்பும் கூடவே இறங்கிப் பழகும்.

மங்கோலியர்கள் டிசம்பர் 22 வாக்கிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக 81 நாள் குளிரை எண்ணுவார்கள். மூன்றாம் ஒன்பதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும், நான்காம் ஒன்பதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு உறையும் என்பார்கள். ஐந்தாம் ஒன்பதில் வெளியே வைத்த சோறு உறையாது என்பது அவர்கள் சொல். மூன்றாம் ஒன்பது ஜனவரி 9-இல் தொடங்கி 17 வரை வரும். நாம் இங்கே மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசும் நாட்கள் அவை. ஊரிலிருந்து கரும்பும் பொங்கல் பானையும் படம் படமாக வந்து விழும். திரும்பிப் போய்விடலாம் என்று நாங்கள் பேசியது அந்த வாரத்தில்தான். டிக்கெட் விலைகூடப் பார்த்தோம். என் தையல் வகுப்புக்கு வரும் ஒரு தாயிடம் சொன்னபோது, "நான்காம் ஒன்பது முடியட்டும், பிறகு முடிவெடுங்கள்" என்றார்.

பிப்ரவரி தொடங்கியபோது ஒரு கிண்ணம் சோற்றைப் பால்கனியில் வைத்துப் பார்த்தேன். உறைந்துதான் போனது. ஆனால் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுகூடச் சன்னலில் வெயில் இருந்தது. இவர் வகுப்பு முடிந்து வெளிச்சத்திலேயே தெருவில் நடந்து வருவது மேலிருந்து தெரிந்தது.