பள்ளியைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறங்கள்: தொற்றுக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாவுக்காக மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வகுப்புகளுக்கும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வகுப்புகளுக்கும் திறந்தன. அன்று பள்ளிகளும் பெற்றோரும் செய்த தவறுகள் அதோடு ஓயவில்லை. 2023 மார்ச்சில் ஃப்ளூ பரவியபோது புதுச்சேரியில் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். காய்ச்சல் அலை எப்போது வந்தாலும், பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்குவது அதே ஸ்பிரே கேனும் அதே தெர்மல் ஸ்கேனரும்தான்.

கை கழுவுவதும், மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

மேசையைத் துடைத்துவிட்டு ஜன்னலை அடைப்பது

நவம்பர் மாதத்து வகுப்பறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். முதல் பீரியட். மேசையெல்லாம் பளபளப்பு, கிருமிநாசினி வாடை மூக்கைத் துளைக்கிறது. சாரல் அடிக்கிறதென்று கிழக்கு ஜன்னலை அடைத்தாயிற்று. மேற்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. மேலே வென்டிலேட்டரில் புறா வராமல் அட்டை செருகியிருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

அந்த அறையில் ஆபத்து காற்றில்தான் இருக்கிறது. மேசையைத் தொட்டுத் தொற்றுவதைவிட, மூச்சில் வரும் நுண்துளிகளால் தொற்றுவதுதான் மிக அதிகம். இது 2021 மே மாதமே தெளிவாகிவிட்டது. இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் அந்த மாதம் வெளியிட்ட அறிவுரை, நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் வரை போகும் என்று சொன்னது. அதன் பிறகும் பள்ளியின் பணமும் ஆள்பலமும் துடைப்பதற்கே போனதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. துடைப்பது தவறில்லை. துடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்து, ஜன்னல் பக்கம் யாரும் திரும்பாமல் போவதுதான் தவறு.

சீலிங் ஃபேன் ஓடுகிறதே என்பார்கள். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. சாதாரண ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான், அறைக் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மறுபடி விடுகிறது. அழுக்குக் காற்று வெளியேற ஒரு வழியும் புதுக்காற்று நுழைய இன்னொரு வழியும் வேண்டும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு அறையிலும் துருப்பிடித்த கொக்கிகளுக்கு எண்ணெய் விடுங்கள். ஜன்னலை மறைக்கும் பீரோ, சார்ட், பழைய நோட்டுக்கட்டு எல்லாவற்றையும் எடுங்கள். வென்டிலேட்டர் அட்டையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். புறாவும் வராது, காற்றும் தடைபடாது. பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அறையின் நான்கு மூலைகளிலும் பிடியுங்கள். புகை ஏதாவது ஒரு ஜன்னலையோ கதவையோ நோக்கிச் சாய்ந்தால் அங்கே காற்றோட்டம் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல் நேரே மேலே போய் அங்கேயே தங்கினால், அந்த மூலையில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

அப்படிப்பட்ட அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். 20க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 4,000 கன அடி, சுமார் 113 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமானால் 680 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். 700க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். அதை மாட்டிவிட்டு எதிர்ப்பக்கக் கதவை மூடிவிட்டால் பயனில்லை, உள்ளே வர வழியில்லாமல் வெளியேயும் போகாது.

மழை வந்தால்? சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் ஒருக்களித்து வைத்து, மறுபக்கத்தை முழுதாகத் திறந்து வையுங்கள். பெஞ்சுகளை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டால் நோட்டு நனையாது. தரை ஈரமானால் துடைத்துக்கொள்ளலாம்.

வாசலில் ஸ்கேனரை மட்டும் நம்புவது

வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சுடும். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சலே இருந்தாலும் நெற்றி குளிர்ந்திருக்கும். பத்து நிமிடம் நிழலில் நிற்க வைத்து, வேர்வையையும் ஈரத்தையும் துடைத்துவிட்டு, கருவியின் கையேட்டில் சொன்ன தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பல கருவிகளுக்கு அது 3 முதல் 5 சென்டிமீட்டர். அளவு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தொற்று இருந்தும் காய்ச்சலே வராத பிள்ளைகள் நிறைய. அதனால் ஸ்கேனர் காட்டாததை வகுப்பாசிரியர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: தொண்டை வலிக்கிறதா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?

பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவது

காலை ஏழு மணிக்குக் கொடுத்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். வாசலில் ஸ்கேனர் ஒன்றும் காட்டாது, சாப்பாட்டு மணிக்குப் பிள்ளை சுருண்டு படுக்கும். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்த பிறகு அனுப்புங்கள். கொரோனா உறுதியானால் சுகாதாரத் துறை சொல்லும் நாள்கணக்குதான்.

முழு வருகைக்குப் பரிசு

தொற்றுக்காலத்தில் நிறுத்திவிடுங்கள். காய்ச்சலோடு வரச் சொல்லி அழைப்பதாகிவிடும்.

சாப்பாட்டு நேரத்தை மறப்பது

காலையிலிருந்து மாஸ்க் போட்டிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு முகம் உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடும் நேரம் இது. மூடிய ஹாலில் உட்கார வைக்காதீர்கள். மரத்தடி, வராந்தா, மாடிப்படி நிழல் எதுவும் அதைவிட மேல். ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்காரட்டும். வகுப்புவாரியாக இருபது நிமிட இடைவெளி விட்டால் குழாயடியிலும் நெரிசல் இருக்காது.

ஒரே மாஸ்க்கோடு அனுப்புவது

ஈரமானால் மூச்சு முட்டும், பிள்ளை கழற்றிப் பையில் போட்டுவிடும். கூடுதலாக இரண்டு மாஸ்க்கைத் துணிப்பையில் வையுங்கள், கழற்றியதைப் போட வேறொரு பை. ஓரத்தில் பெயர் எழுதுங்கள், சின்னப் பிள்ளைகள் படம் பிடித்திருக்கிறதென்று மாற்றிக்கொள்வார்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மாஸ்க் வேண்டாம்.

வால்வு வைத்த மாஸ்க்

வேண்டாம். உள்ளே இழுப்பதை வடிகட்டும், வெளியே விடுவதை அப்படியே விடும்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்

ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமல் திறப்பது

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளியின் தொட்டியில் பழைய தண்ணீர் நிற்கும். முழுதாக வடித்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். குழாய்க்குள் நின்ற தண்ணீரும் போக வேண்டும், ஒவ்வொரு குழாயையும் தெளிவாக வரும்வரை திறந்துவிடுங்கள். தொட்டிக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். கொரோனாவுக்குப் பயந்து மூடித் திறந்த பள்ளியில் டெங்கு வந்துவிடக் கூடாது. மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட்டுகளையும் அன்றே அப்புறப்படுத்துங்கள்.